ஆராய்ச்சி ஏழை விவசாயியின் வயலுக்குப் போய்ச் சேர

முதலில் ஆளைப் பாருங்கள், விதை அப்புறம். நிலம் எவ்வளவு, தண்ணீர் எங்கிருந்து, களை எடுப்பது யார்? பல இடங்களில் பெண்கள்தான், ஆனால் கூட்டத்துக்குக் கூப்பிடுவது ஆண்களை. இதை மாற்றியே ஆக வேண்டும்.

ஆராய்ச்சி நிலையத்து விளைச்சலை நம்பி இறங்காதீர்கள். நாலைந்து ரகங்களை விவசாயிகளின் நிலத்திலேயே, அவர்களால் போட முடிந்த உரத்தோடு விளைவித்து, அறுப்புக்கு முன்னால் அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், சமைத்தும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் சோறு சரியில்லை என்றால் அடுத்த போகத்துக்கு யாரும் விதைக்க மாட்டார்கள், வைக்கோல் குறைந்தால் மாடு வைத்திருப்பவர் தொடவே மாட்டார்.

பழகிய ரகத்தையே மேம்படுத்துவது இன்னும் நல்லது. விவசாயிகளுக்குப் பழகிய ஸ்வர்ணா நெல்லில் வெள்ளம் தாங்கும் மரபணுவைச் சேர்த்து 2009-இல் இந்தியாவில் வெளியிட்ட ஸ்வர்ணா சப்1 இரண்டு வாரம் வரை வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும்.

சரி, விதை சிறு பொட்டலமாகக் கிடைக்குமா, எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாமா? இதையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.