கன்னப்பையில் டிஎம்பிஏ: புண்ணைப் புற்றென்று படித்துவிடாதீர்கள்

வாய்ப்புற்றுநோய் படிப்படியாக எப்படி உருவாகிறது என்பதை விலங்கில் பார்க்க, ஹாம்ஸ்டர் என்ற சிறு கொறிவிலங்கின் கன்னப்பையைப் போல வசதியான இடம் வேறு இல்லை. 1954இல் சாலி என்ற ஆய்வாளர், புற்றை உண்டாக்கும் டிஎம்பிஏ என்ற ரசாயனத்தை அங்கே பூசும் இந்த மாதிரியை அறிமுகப்படுத்தினார். 1961இல் மாரிஸ், டிஎம்பிஏயின் செறிவு, விலங்கின் வயது போன்றவற்றை ஒப்பிட்டு முறைப்படுத்தினார். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த பல தாவர மருந்து ஆய்வுகளும் இதே மாதிரியில் நடந்தவைதான். முறையும் எளிது: 8 முதல் 10 வார வயதுள்ள கோல்டன் சிரியன் ஹாம்ஸ்டர், இடது கன்னப்பை, லிக்விட் பாரஃபினில் 0.5 சதவீத டிஎம்பிஏ, வாரம் மூன்று முறை, 14 வாரம்.

கட்டி ஏறக்குறைய எல்லா விலங்குக்கும் வந்துவிடும். அதனாலேயே இடையில் நடந்த பிழைகள் மறைந்துபோகின்றன. அந்த 14 வாரத்தில் திசு இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது: காயத்தை ஆற்றுகிறது, புற்றாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. பூசுவது முதல் ஸ்லைடு படிப்பது வரை நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றோடொன்று கலந்துவிடுபவை.

பூசும்போது

0.5 சதவீதம் என்றால் 100 மில்லி பாரஃபினில் 500 மில்லிகிராம் டிஎம்பிஏ, அதாவது மில்லிக்கு 5 மில்லிகிராம். நான்காம் எண் பிரஷ்ஷால் ஒருமுறை பூசினால் ஏறத்தாழ 0.4 மில்லிகிராம் சேரும் என்பது வழக்கமான கணக்கு. கரைசலாகப் பார்த்தால் அது சுமார் 80 மைக்ரோலிட்டர். 42 முறை பூசி முடிக்கும்போது ஒரு விலங்குக்கு 17 மில்லிகிராம் வரை போயிருக்கும். இந்த அளவு எல்லா விலங்குக்கும் ஒன்றாக இருக்கிறது என்று யாரும் சரிபார்ப்பதில்லை. புது பிரஷ் ஒரு அளவு எண்ணெயைப் பிடிக்கும், தேய்ந்த பிரஷ் இன்னொரு அளவைப் பிடிக்கும். பாட்டில் விளிம்பில் வழித்துவிடும் பழக்கமும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு குழுவுக்குப் பூசும் முன்னும் பின்னும் பாட்டிலையும் பிரஷ்ஷையும் சேர்த்து எடைபோட்டு, வித்தியாசத்தை விலங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து எழுதி வையுங்கள். குழுவுக்குக் குழு சராசரி விலகினால் அன்றைக்கே தெரிந்துவிடும். சாதாரண மைக்ரோபிப்பெட்டுக்கு மாறினால் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். பாரஃபின் கெட்டியானது, முனையின் சுவரிலேயே ஒரு பங்கு ஒட்டிக்கொள்ளும்.

டிஎம்பிஏ ஒளியில் சிதையும். பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் வைத்து, மேலே அலுமினியத் தாளும் சுற்றி வைக்க வேண்டும். குளிரிலிருந்து எடுத்தவுடன் பூசாதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்தபின் வெளிச்சத்துக்கு எதிரே ஒரு கணம் பிடித்து, அடியில் படிகம் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். படிகம் இருந்தால் முதல் விலங்குக்கும் கடைசி விலங்குக்கும் ஒரே அளவு டிஎம்பிஏ போவதில்லை.

கன்னப்பை உணவைச் சேர்த்து வைக்கும் இடம். தீனி இருக்கும்போதே பூசினால் டிஎம்பிஏ தீனியில் ஊறும், விலங்கு அதை விழுங்கும். பையை வெளியே புரட்டி, சலைனால் கழுவி, ஒற்றி எடுத்தபின் பூசுங்கள். பிறகு சில மணி நேரம் தீனி வைக்க வேண்டாம். என்ன செய்தாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். ஆகவே பிரேதப் பரிசோதனையில் உதடு, நாக்கு, முன்இரைப்பை, கல்லீரல் ஆகியவற்றையும் பார்க்காமல் விடக்கூடாது.

அழுத்தித் தேய்ப்பது தனியான தவறு. உரசல் காயத்தை ஆற்றத் திசு செல்களைப் பெருக்குகிறது, அந்தப் பெருக்கமே ஏற்கெனவே மரபணு பிறழ்ந்த செல்களுக்குத் தூண்டுதலாகிறது. இதனால்தான் ஒப்பீட்டுக் குழுவைக் கூண்டில் சும்மா விட்டுவைத்தால் போதாது. வெறும் பாரஃபினை அதே பிரஷ்ஷால், அதே 42 முறை பூசிய குழு ஒன்று கட்டாயம் வேண்டும். ‘என்ன ஆயிற்று என்று பார்க்கலாம்’ என்று நடுவில் ஒரு துண்டு வெட்டி எடுப்பதும் இதே காரணத்தால் தவறு: வெட்டுக்காயம் கட்டி வளர்வதை விரைவுபடுத்தும். இடைநிலைகள் வேண்டுமானால் 4, 8, 12ஆம் வாரங்களுக்கென்று தனி விலங்குகளை முன்கூட்டியே ஒதுக்கி, ஒழுக்கநெறிக் குழு விண்ணப்பத்தில் அந்த எண்ணிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள்.

புண்ணில் சீழ் வைத்தது என்று பெனிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் கொடுத்துவிடாதீர்கள். ஹாம்ஸ்டரின் குடலில் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, கிளாஸ்ட்ரிடியம் பெருகி, சில நாட்களில் விலங்கு கழிச்சலில் இறந்துபோகும். அந்த இறப்பை டிஎம்பிஏயின் நச்சுக் கணக்கில் எழுதுவது எளிது. எழுதினால் அது பொய்யான பதிவு.

ஸ்லைடில்

இயல்பான கன்னப்பையின் மேல்திசு மிக மெல்லியது: இரண்டு முதல் நான்கு அடுக்குச் செல்கள், மேலே மெல்லிய கெரட்டின், கீழே தளர்வான இணைப்புத்திசு, அதற்கும் கீழே வரித்தசை. டிஎம்பிஏ இங்கே வந்ததும் நேராகத் தாக்குவதில்லை. செல்லின் சொந்த நொதிகளான சிஒய்பி1ஏ1, சிஒய்பி1பி1 முதலியவை அதை டையால்-எபாக்சைடாக மாற்றுகின்றன. அது டிஎன்ஏயில் அடினின், குவானின் மீது ஒட்டிக்கொள்கிறது. செல் பெருக்கத்தைத் தூண்டும் எச்-ராஸ் மரபணுவின் 61ஆம் கோடானில் பிறழ்வு இப்படித்தான் விழுகிறது. இது கண்ணுக்குத் தெரியாத வேலை. தொடக்க வாரங்களில் கண்ணுக்குத் தெரிவது சிவப்பு, வீக்கம், உரிந்த மேல்திசு, அங்கங்கே புண். அதாவது அழற்சி.

புண்ணின் ஓரத்தில் மீண்டும் வளரும் மேல்திசுவைப் பாருங்கள்: கரு பெரிதாக இருக்கும், நியூக்ளியோலஸ் எடுப்பாகத் தெரியும், செல்பிரிவும் ஏராளம். புதிதாகப் படிப்பவர் இதை உடனே டிஸ்பிளேசியா (புற்றுக்கு முந்தைய செல் ஒழுங்கின்மை) என்று குறித்துவிடுகிறார். பிரித்தறிய மூன்று விஷயங்களைச் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆறும் திசுவில் செல்பிரிவு அடியடுக்கை ஒட்டியே இருக்கும், பிரியும் உருவங்களும் ஒழுங்காக இருக்கும். டிஸ்பிளேசியாவில் அது மேலடுக்குகளுக்கு ஏறும், கோணலான உருவங்கள் வரும். ஆறும் திசுவில் மேலே போகப்போகச் செல்கள் தட்டையாகி முதிரும். டிஸ்பிளேசியாவில் அந்த வரிசையே குலைந்துபோகும். மூன்றாவது, சுற்றுப்புறம்: பக்கத்தில் புண்ணும் நியூட்ரோஃபில் (அழற்சியில் திரளும் வெள்ளணு) கூட்டமும் இருந்தால் டிஸ்பிளேசியாவின் தரத்தை உயர்த்தத் தயங்குங்கள், புண்ணை விட்டு விலகிய இடத்திலும் அதே மாற்றம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்லைடு படிப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியவே கூடாது.

பாதிச் சிக்கல் ஃபார்மலினில் போடும்போதே தொடங்கிவிடுகிறது. மெல்லிய பையை அப்படியே பாட்டிலில் போட்டால் சுருண்டுவிடும். பிறகு அதைச் செங்குத்தாக வெட்ட முடியாது, சாய்வாகவே வெட்டுப்படும். சாய்வெட்டில் தடித்த மேல்திசுவின் அடிமுனைகள் இணைப்புத்திசுவுக்குள் தனித்தீவுகளாகத் தெரியும். பார்ப்பவர் ஊடுருவிய புற்று என்று எழுதிவிடுவார். பையை விரித்து, மேல்திசு மேலே இருக்கும்படி கார்க் பலகையில் ஊசி குத்தி, 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலினில் 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். மெழுகில் பதிக்கும்போது துண்டு விளிம்பில் நிற்க வேண்டும். ஊடுருவல் என்று எழுதுமுன் தொடர்வெட்டுகள் சிலவற்றைப் பார்த்து, அந்தத் தீவு மேல்திசுவோடு சேர்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். கட்டியை அடிப்பாகமில்லாமல் நுனியில் கிள்ளி எடுத்தால் பாப்பிலோமாவா (புற்றல்லாத மருப்போன்ற கட்டி) புற்றா என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மீதியை எறிவதும் இழப்புதான். பூசிய பரப்பு முழுவதும் மாறியிருக்கும், ஆரம்ப நிலைகள் கட்டிக்குப் பக்கத்துச் சமதளத்தில்தான் கிடைக்கும்.

எண்களும் முடிவும்

ஒரு குழுவில் 10 ஹாம்ஸ்டர், மொத்தம் 30 கட்டி என்றால் மாதிரி அளவு 10தான். ஒரே பையில் வளர்ந்த கட்டிகள் ஒன்றுக்கொன்று சார்பற்றவை அல்ல. கனஅளவுக்கு 4/3 π (D1/2)(D2/2)(D3/2) என்ற வாய்பாட்டைப் பயன்படுத்தும்போது மூன்று விட்டங்களையும் கேலிப்பரால் உண்மையாகவே அளந்திருக்க வேண்டும்.

கட்டித்திசுவில் டிபார்ஸ் (கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தின் அளவீடு) குறைந்து, குளுட்டாதயோன் (செல்லின் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்) கூடியிருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். பல ஆய்வுகளில் பிளாஸ்மாவில் இதற்கு நேரெதிராகத்தான் வந்திருக்கிறது. இரண்டையும் ஒரே அம்புக்குறியில் விளக்க முயல்வதுதான் பிழை. இன்னொன்று: கன்னப்பையில் நிணநீர் வடிகால் இல்லாததால் புற்று பரவுவது அரிது. உங்கள் மருந்து ‘பரவலைத் தடுத்தது’ என்று இந்த மாதிரியை வைத்து எழுத முடியாது.

மருந்து கொடுத்த குழுவில் கட்டி குறைந்தால் முதலில் எடைப்பதிவைத் திறந்து பாருங்கள். கசப்பான சாற்றால் தீனி குறைந்து விலங்கு மெலிந்திருந்தால், அந்தப் பட்டினியே கட்டியைக் குறைக்கும். எடை சமமாக இருந்தாலும், டிஎம்பிஏயோடு சேர்த்து முதல் நாளிலிருந்தே கொடுத்த மருந்து, அதை நச்சாக மாற்றும் நொதியை மட்டும் தடுத்திருக்கலாம். அது தடுப்பு, வளர்ந்த புற்றைக் குணப்படுத்தியதாகாது. குணப்படுத்தியது என்று எழுத, டிஎம்பிஏ பூசுவதை நிறுத்தி, கட்டியை அளந்து பதிவுசெய்தபின் மருந்து தொடங்கிய தனிக்குழு வேண்டும்.