“புரிந்ததா?” என்று கேட்காமல் பட்டறைப் பாடம் நடத்துவது எப்படி

பினாங்கில் வயரிங் கற்பிக்கும் என் வகுப்பில் உள்ளூர்ப் பிள்ளைகளோடு இந்தோனேசியா, வங்காளதேசம், தமிழ்நாடு ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்களும் ஒரே மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். மலாயில் “ஃபாஹாம்?” (புரிந்ததா?) என்று கேட்டால் எல்லோருமே தலையசைப்பார்கள், தமிழ்நாட்டுத் தம்பி “சரிங்க சார்” என்பார். அது ஆசிரியருக்குக் காட்டும் மரியாதையே தவிர, பாடம் புரிந்ததற்குச் சான்று அன்று. ஆகவே அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதிலாக, வயரைக் கையில் கொடுத்து, “இதில் நியூட்ரல் எது? காட்டுங்கள்” என்று கேளுங்கள். மலேசிய வயரிங்கில் கறுப்பு நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் வயர். மூன்று பேஸ் (மின்சாரத்தைக் கொண்டுவரும் வயர்) உள்ள இணைப்பில் நீலம் ஒரு பேஸ். இந்தோனேசியாவிலோ நீலம்தான் நியூட்ரல், கறுப்பு பேஸ். அங்கே கைப்பழக்கம் பெற்று வந்த மாணவர் ஒருவர், என் விளக்கம் முழுவதற்கும் தலையாட்டிவிட்டு, நீல வயரை நியூட்ரல் முனையில் வைத்துத் திருகியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். பலகைக்கு இன்னும் மின்சாரம் கொடுக்கப்படாததால் பிழைத்தோம். அன்றுமுதல், ஒவ்வொருவரும் தம் நாட்டு நிறங்களையும் நம் நிறங்களையும் துண்டு வயர்களாக ஓர் அட்டையில் அருகருகே கட்டி வைப்பதே முதல் வாரப் பாடம்.

மலாயும் இந்தோனேசிய மொழியும் நெருங்கிய உறவு என்பதால் சொற்களில் கவனம் தளர்ந்துவிடுகிறது. “பெர்ச்சுமா” நமக்கு இலவசம், அவர்களுக்கு வீண். கையுறையைக் காட்டி “இது பெர்ச்சுமா” என்றால், அணிந்து பயனில்லை என்று அவர் எண்ணக்கூடும்.

செய்முறையை முதலில் ஒரு சொல்லும் பேசாமல் செய்து காட்டுங்கள். அடுத்தமுறை விளக்கிக்கொண்டே செய்யுங்கள். மூன்றாம் முறை மாணவர் படிப்படியாகச் சொல்ல, அவர் சொன்னதை மட்டும் நீங்கள் செய்யுங்கள். விடுபட்ட படி அப்போது தானாகவே வெளிப்படும். மலேசியத் திறன் சான்றிதழும் செய்து காட்டும் திறனையே அளப்பதால், இதற்குச் செலவாகும் நேரம் வீணாவதில்லை.

தவறைப் பலர் முன்னிலையில் திருத்தினால் சிலர் அதன்பின் வாயே திறப்பதில்லை. தனியே அழைத்துச் சொல்லுங்கள். ஆபத்து மட்டுமே இதற்கு விலக்கு. அதற்கென “ஸ்டாப்” என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, ஆசிரியரையும் அச்சொல்லால் தடுக்கலாம் என்று அறிவியுங்கள். பெரியவரை அதட்டிப் பழகாதவருக்கு அது எளிதில் வராது. எனவே, மின்சாரம் இல்லாத பயிற்சிப் பலகையில், சுவிட்சை அணைக்காமல் கைவைப்பதுபோல் நீங்களே நடித்து, மிகவும் கூச்சமுள்ள மாணவரின் குரல் பட்டறையின் மறுகோடிவரை கேட்கும்வரை ஒத்திகை பாருங்கள்.