ஆசிரியர்களை ஓடையில் இறக்குவது எப்படி? முதல் பட்டறை நடத்துபவர்களுக்கு

வகுப்பில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்த நான், இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குச் சுற்றுச்சூழல் பாடம் நடத்தப் பயிற்சி தருகிறேன். இந்தப் பணிக்கு வர ஆசையா? ஓடையில் வாழும் பூச்சிகளைப் பிடித்து, அவற்றை வைத்து நீரின் தரத்தைக் கண்டறியும் ஓடைப்பூச்சிப் பட்டறை ஒன்றை நடத்திப் பாருங்கள். மலாயில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. ஊர்ப் பெயரிலேயே பாடம் இருக்கிறது.

1. முந்தின நாள் மழை பெய்திருந்தால் தள்ளிப்போடுங்கள். காலில் கையில் வெட்டுக்காயம் உள்ளவர்களை இறக்காதீர்கள். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காயம் வழியாக நுழையும்.

2. வலை, வெள்ளைத் தட்டு, பத்து மடங்கு கைலென்ஸ் போதும். வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா மூடியும் தட்டுதான். கைப்பேசி லென்ஸ் எனக்குப் பிடிக்காது, ஆளுக்கொரு திரைக்குள் போய்விடுவார்கள்.

3. ஓட்டம் வரும் திசையைப் பார்த்து வலையைப் பிடித்து, அதன் முன்னால் உள்ள கற்களைக் காலால் புரட்டுங்கள்.

4. அடையாளம் காண்பது. இங்கேதான் நான் இடறினேன். ஸ்டோன்ஃப்ளை, மேஃப்ளை இரண்டும் இளம்பருவத்தை நீரில் கழிக்கும் பூச்சிகள்; தட்டில் பார்ப்பது அந்த இளம்பருவத்தைத்தான். இரண்டு வால் இருந்ததால் ஸ்டோன்ஃப்ளை என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அது மேஃப்ளை. மேஃப்ளைக்குப் பெரும்பாலும் மூன்று வால், சிலவற்றுக்கு இரண்டுதான். பிடிக்கும்போது வால் ஒடிவதும் உண்டு. அதனால் வாலை விடுங்கள், காலைப் பாருங்கள்: கால் நுனியில் ஒரு நகம் என்றால் மேஃப்ளை, இரண்டு என்றால் ஸ்டோன்ஃப்ளை. வயிற்றின் இரு பக்கமும் செவுள்கள் படபடத்தால் மேஃப்ளையேதான். நீரில் வாழும் பூச்சிகளை வைத்து அதன் தரத்தை அளக்கும் பி.எம்.டபிள்யூ.பி. மதிப்பெண் முறையில் (தூய நீரையே நாடும் பூச்சிக்குக் கூடுதல் மதிப்பெண்) பெர்லிடே குடும்ப ஸ்டோன்ஃப்ளைக்கு 10, பேட்டிடே குடும்ப மேஃப்ளைக்கு 4. ஒரு நகத்தில் ஓடையின் தரமே மாறிவிடும்.

5. அப்புறம், விடையை நீங்கள் சொல்லாதீர்கள். தட்டில் சிவப்புப் புழு மட்டும் நெளிகிறதா? ஏன் என்று கேட்டுவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். அதன் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த நீரிலும் பிழைக்கும். இதைத் தாங்களே எட்டிப்பிடித்த ஆசிரியர்தான் வகுப்பிலும் பிள்ளைகளை யோசிக்க விடுவார்.

பிற்சேர்க்கை: "எங்கள் செம்பனைத் தோட்ட வாய்க்காலில் கல்லே இல்லையே சார்" என்றார் ஓர் ஆசிரியை. சரி, வெங்காய வலைப்பையில் காய்ந்த இலைகளோடு ஒரு கல்லையும் வைத்துக் கட்டி மூழ்கவிடுங்கள். கயிற்றின் மறுமுனை கரை மரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மழை வெள்ளம் இழுத்துப் போய்விடும். மூன்று வாரம் கழித்து எடுத்து, அதில் குடியேறிய பூச்சிகளைத் தட்டில் உதறுங்கள்.