லேப்டாப் ஆன் ஆகவில்லையா? ஃபார்மட் செய்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்

போன மாதம் ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு அக்கா மகளிடமிருந்து போன். "மாமா, லேப்டாப்ல லோகோ வருது, வட்டம் சுத்துது, அணைஞ்சு மறுபடியும் லோகோ வருது. நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ." விசாரித்தால், விண்டோஸ் அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. அந்த லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, சார்ஜரை நம்பித்தான் அது உயிர் வாழ்கிறது. சாயங்காலமே ஒரு கடையில் காட்டியிருக்கிறாள். "ஃபார்மட்தான் பண்ணணும், டேட்டா போயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஃபார்மட் செய்யவில்லை, டேட்டாவும் போகவில்லை. நான் போனில் சொல்லச் சொல்ல அவளே சரிசெய்தாள். அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு விஷயம். பவர் பட்டனை அழுத்தினால் விளக்கே எரியவில்லை, அல்லது விளக்கு எரிந்தும் கம்பெனி லோகோ வரவில்லை என்றால், அது பெரும்பாலும் வன்பொருள் பிரச்சினை, இந்தப் பதிவு உதவாது. லோகோ வந்த பிறகு வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, 'ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று திரும்பத் திரும்ப வருகிறது, நீலத்திரை வந்து ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் விண்டோஸின் சிஸ்டம் ஃபைல்கள் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் போட்டோக்களும் பாடங்களும் பெரும்பாலும் அப்படியே உள்ளே பத்திரமாக இருக்கும்.

ஒரே ஒரு ஃபைல் கெட்டாலும் கணினி எழாமல் போகலாம். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க விமான நிலையங்கள் தடுமாறியது நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான ஃபைலால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. அவற்றையெல்லாம் ஃபார்மட் செய்து கொண்டிருக்கவில்லை. ரிப்பேர் திரைக்கோ சேஃப் மோடுக்கோ (அவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் எழும் முறை) போய் அந்த ஒரு ஃபைலை அழித்தே பெரும்பாலானவற்றை எழுப்பினார்கள். நாமும் அதே ரிப்பேர் திரைக்குத்தான் போகப் போகிறோம்.

ரிப்பேர் திரைக்குள் நுழைவது

பென் டிரைவ், மவுஸ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சார்ஜர் மட்டும் இருக்கட்டும். லேப்டாப்பை ஆன் செய்து, லோகோ வந்து வட்டம் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனைப் பத்து விநாடி விடாமல் அழுத்தி அணைத்துவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால், அடுத்த முறை விண்டோஸ் தானே ரிப்பேர் திரையைக் காட்டும். ஏற்கெனவே அந்தத் திரை வந்துகொண்டிருந்தால் இந்தக் கூத்து தேவையில்லை.

அங்கே 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' அல்லது 'ட்ரபிள்ஷூட்' என்று இருக்கும். அதற்குள் போனால் ஏழெட்டுப் பெட்டிகள் தெரியும். நமக்கு வேண்டியவை 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்', 'கமாண்ட் ப்ராம்ப்ட்' மூன்றும்.

இடையில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெகவரி கீ கேட்டால் பதற வேண்டாம். அது 48 இலக்க எண். போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிற்குள் போய், டிவைசஸ் பகுதியில் இந்த லேப்டாப்பின் பெயரைத் தொட்டால் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஒன்றுக்கு மேல் கீ இருந்தால், திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளை ஒப்பிட்டு எடுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் அலுவலக ஐடி பிரிவிடம் கேளுங்கள். இந்தக் கீ இல்லாமல் டிஸ்க்கில் இருப்பதை யாராலும் படிக்க முடியாது. கடைக்காரர் 'உடைத்துத் தருகிறேன்' என்றால் நம்ப வேண்டாம்.

ரிப்பேருக்கு முன் ஃபைல்களை வெளியே எடுங்கள்

இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். சரிசெய்யும் வேலை டிஸ்க்கில் எழுதும் வேலை. டிஸ்க்கே தேய்ந்துபோய் அதனால்தான் ஃபைல் கெட்டது என்றால், ரிப்பேர் ஓட ஓட மிச்சமும் போகலாம். அதனால் முதலில் நகல்.

விண்டோஸே எழவில்லை, எப்படி நகல் எடுப்பது? அதற்கு நோட்பேட் போதும். ஒரு காலி பென் டிரைவைச் செருகி, 'கமாண்ட் ப்ராம்ப்ட்' பெட்டியைத் தொடுங்கள். சில கணினிகளில் கடவுச்சொல் கேட்கும். தினமும் போடும் நான்கு இலக்கப் பின் நம்பர் இதற்குச் செல்லாது, கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும். கறுப்பு ஜன்னல் வந்ததும் 'நோட்பேட்' என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர். நோட்பேட் திறக்கும். 'ஃபைல்', 'ஓப்பன்' போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றி, இடதுபக்கம் 'திஸ் பிசி'யைத் தொட்டால் உங்கள் டிரைவ்கள் எல்லாம் தெரியும். 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போன்றவற்றின் மேல் ரைட் க்ளிக் செய்து காப்பி, பென் டிரைவுக்குள் போய்ப் பேஸ்ட். அவ்வளவுதான்.

எத்தனை சதவீதம் முடிந்தது என்று எதுவும் காட்டாது, ஜன்னல் உறைந்தது போலவே நிற்கும். அக்கா மகள் நான்கு முறை "மாமா, ஹேங் ஆயிடுச்சு" என்றாள். ஆகவில்லை. பென் டிரைவின் விளக்கு மின்னுகிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருங்கள். மொத்தமாக அள்ளாமல் ஒவ்வொரு ஃபோல்டராக எடுப்பது நல்லது.

இங்கேயே இன்னொரு காரியமும் முடிகிறது. ரிப்பேர் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். வழக்கமான சி டிரைவ் இங்கே டி அல்லது ஈ ஆக இருக்கலாம். 'விண்டோஸ்', 'யூசர்ஸ்' இரண்டு ஃபோல்டரும் உங்கள் பெயரும் எதில் இருக்கிறதோ அந்த எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ் என்ற டிரைவிலும் ஒரு விண்டோஸ் ஃபோல்டர் இருக்கும். அது ரிப்பேர் கருவியின் சொந்த வீடு, அதை விட்டுவிடுங்கள்.

தானே சரியாகிறதா பார்ப்போம்

முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. என் அனுபவத்தில் பாதி நேரம் 'முடியவில்லை' என்றுதான் சொல்லும், ஆனாலும் ஒருமுறை விட்டுப் பாருங்கள். அடுத்தது 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்': அப்டேட் வந்த பிறகுதான் கோளாறு என்றால் கடைசி குவாலிட்டி அப்டேட்டை நீக்கிப் பாருங்கள். இரண்டும் பலிக்கவில்லையா? மறுபடி கறுப்பு ஜன்னல்.

கட்டளைகள்

போனில் சொன்ன மாதிரியே ஒலியாக எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். தமிழில் 'டி' என்றால் எந்த டி என்ற குழப்பம் வருமல்லவா, அதனால் டெல்லி டி, திருச்சி டி என்று பிரித்துக்கொள்வோம். ஸ்லாஷ் என்பது கேள்விக்குறி இருக்கும் சாவி. பேக்ஸ்லாஷ் பொதுவாக என்டருக்கு மேலே இருக்கும். அவளுக்கு டெல்லி டி டிரைவ் வந்தது. உங்களுக்கு வேறு என்றால் கட்டளையில் அந்த எழுத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் கட்டளை டிஸ்க்கின் கணக்குப் புத்தகத்தைச் சரிபார்ப்பது:

செக்டிஸ்க் (சி, ஹெச், கே, டெல்லி டி, எஸ், கே), இடைவெளி, டி:, இடைவெளி, /எஃப்

சில நிமிடத்தில் முடியும். எஃப்-க்குப் பதில் ஆர் போடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. அது டிஸ்க்கை அங்குலம் அங்குலமாகப் படிக்கும், மணிக்கணக்கில் ஓடும். நகல் எடுக்காத டிஸ்க்கில் அதைச் செய்யவே வேண்டாம்.

இரண்டாவதுதான் முக்கியமான கட்டளை. தன் சிஸ்டம் ஃபைல்களுக்கு மாற்றுப் பிரதிகளை விண்டோஸ் உள்ளேயே ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறது. கெட்டதைத் தூக்கிவிட்டு அங்கிருந்து நல்லதை எடுத்து வைப்பதுதான் எஸ்எஃப்சி என்ற சிஸ்டம் ஃபைல் செக்கரின் வேலை. நெட்கூட வேண்டாம்.

எஸ்எஃப்சி, இடைவெளி, /ஸ்கேன்நவ், இடைவெளி, /ஆஃப்பூட்டிர்=டி:\, இடைவெளி, /ஆஃப்விண்டிர்=டி:\விண்டோஸ்

ஸ்கேன், நவ் இரண்டும் ஒட்டி ஒரே சொல். ஆஃப், பூட், டிர் மூன்றும் ஒட்டி ஒரே சொல். ஆஃப்-க்கு இரண்டு எஃப், டிர் என்பது டெல்லி டி, ஐ, ஆர். ஆஃப்விண்டிரும் அப்படியே, பூட் இருந்த இடத்தில் 'வின்'. வெறும் ஸ்கேன்நவ் மட்டும் தட்டினால் உங்கள் விண்டோஸைத் தேடிப் போகாது, அதனால்தான் இந்த நீட்டல்.

'சக்சஸ்ஃபுல்லி ரிப்பேர்டு' என்று வந்தால் ஜன்னலை மூடி 'கன்டினியூ' கொடுங்கள். 'அனேபிள் டு ஃபிக்ஸ் சம்' என்று வந்தால் இன்னொரு முறை ஓட்டுங்கள். 'ரிப்பேர் பெண்டிங்' என்று சொல்லி ஓட மறுத்தால், பாதியில் நின்ற அப்டேட் வழியை மறித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு வந்தது இதுதான். அதற்கு மருந்து:

டிஸ்ம் (டெல்லி டி, ஐ, எஸ், எம்), இடைவெளி, /இமேஜ்:டி:\, இடைவெளி, /க்ளீனப்-இமேஜ், இடைவெளி, /ரிவர்ட்பெண்டிங்ஆக்‌ஷன்ஸ்

க்ளீனப்புக்கும் இமேஜுக்கும் நடுவே ஒரு சின்னக் கோடு. கடைசிச் சொல்லில் இடைவெளியே கிடையாது. அரைகுறை அப்டேட்டை இது பின்னோக்கிச் சுருட்டிவிடும். பிறகு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழவில்லை என்றால் எஸ்எஃப்சியை மறுபடி ஓட்டலாம்.

திரையில் 'பூட் கான்ஃபிகரேஷன் டேட்டா' பற்றிப் புகார் இருந்தால் கோளாறு தொடங்கும் வாசலிலேயே. அதற்கு: பிசிடிபூட் (பாம்பே பி, சென்னை சி, டெல்லி டி, அப்புறம் பூட்), இடைவெளி, டி:\விண்டோஸ். பழைய வீடியோக்களில் வரும் 'பூட்ரெக் ஃபிக்ஸ்பூட்' புதிய லேப்டாப்களில் பலமுறை 'ஆக்செஸ் இஸ் டினைடு' என்று திருப்பி அனுப்பிவிடும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அப்படியும் எழவில்லை என்றால்

'ட்ரபிள்ஷூட்' உள்ளே 'ரீசெட் திஸ் பிசி', அதில் 'கீப் மை ஃபைல்ஸ்'. உங்கள் ஃபைல்கள் நிற்கும், நீங்கள் போட்ட மென்பொருள்கள் போய்விடும். எங்கிருந்து விண்டோஸ் வேண்டும் என்று கேட்கும்போது, உள்ளே இருப்பதே கெட்டிருப்பதால் 'க்ளவுட் டவுன்லோட்' கொடுப்பது உசிதம். சுமார் 4 ஜிபி இறங்கும், நெட் வேண்டும்.

ரிப்பேர் திரையே வராதவர்கள், நண்பரின் கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்யுங்கள். அதில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், நகல் எடுத்த பென் டிரைவையே இதற்குப் போட்டுவிடாதீர்கள். ஆன் செய்ததும் டெல், லெனோவா, ஏசரில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, அசுஸில் எஸ்கேப் தட்டினால் பெரும்பாலும் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனு வரும். பென் டிரைவைத் தேர்ந்து, 'இன்ஸ்டால்' பக்கம் போகாமல் 'ரிப்பேர்' என்று தொடங்கும் வரியைத் தொட்டால் மேலே சொன்ன அதே பெட்டிகள்.

அவளுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. டிஸ்ம் முடிந்து ரீஸ்டார்ட் ஆனபோது மணி ஒன்றை நெருங்கியிருந்தது. வட்டம் வழக்கத்தைவிட நெடுநேரம் சுற்றியது, அப்புறம் பாஸ்வேர்டு கேட்டது. "வந்துடுச்சு மாமா" என்று போனை வைத்தவள்தான், மறுநாள் மதியம் ரிவ்யூ முடியும் வரை சத்தமே இல்லை.

சாயங்காலம் அழைத்து மிச்ச வேலையைச் சொன்னேன். விண்டோஸ் எழுந்த பிறகு, ஸ்டார்ட் பட்டனில் ரைட் க்ளிக் செய்து டெர்மினல் அட்மின் (விண்டோஸ் 10-ல் பவர்ஷெல் அட்மின்) திறந்து, நெட் இணைப்போடு டிஸ்ம் /ஆன்லைன் /க்ளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த், அது முடிந்ததும் எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ். இப்போது நீட்டல் வேண்டாம், வெறும் ஸ்கேன்நவ் போதும். அவள் கேட்டுக்கொண்டு, "புது பேட்டரி எவ்வளவு மாமா ஆகும்?" என்றாள்.