204 வந்தால் ஜேசன் தேடாதீர்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் ஆர்டர் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன். "தம்பி, மாலை ஆர்டரை அழிச்சா சிவப்பு எழுத்துல பிழைன்னு வருது. பக்கத்தை மறுபடி திறந்தா ஆர்டர் போயிருக்கு" என்றார் கடைக்கார அக்கா.

சர்வரில் ஓடுவது ஃபிளாஸ்க், பைத்தானில் வலைத்தளம் எழுத உதவும் ஒரு கட்டமைப்பு. அழித்ததும் 204 என்ற ஸ்டேட்டஸ் எண்ணை, அதாவது கேட்டது என்ன ஆனது என்று சொல்லும் குறியை, அனுப்புகிறது. அது சரியான பதில்தான்: வேலை முடிந்தது, அனுப்ப வேறொன்றும் இல்லை. 204-க்கு உடல் பகுதியே, அதாவது தரவு வரும் இடமே, கிடையாது. ஆனால் பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட், வந்த பதிலை எல்லாம் ஜேசனாக (JSON, தரவை எழுத்தாக அனுப்பும் ஒரு வடிவம்) பிரிக்கப் பார்த்தது. வெறும் காலி எழுத்து ஜேசன் ஆகாது, அங்கேதான் விழுந்தது.

சர்வரை 200-க்கு ('சரி' என்ற குறி) மாற்றி ஒரு காலி ஜேசன் அனுப்பினாலும் பிழை போய்விடும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. சரியாகப் பேசுகிற பக்கத்தை ஏன் திருத்த வேண்டும்? எல்லா அழைப்பும் கடந்துபோகும் ஒரே ஃபங்ஷனில் ஸ்டேட்டஸை முதலில் பார்க்கவைத்தேன். 204 என்றால் null, அதாவது 'ஒன்றுமில்லை' என்ற மதிப்பைத் திருப்பிவிடும். மற்றதை டெக்ஸ்டாக வாசித்து, காலியாக இல்லாவிட்டால் மட்டும் பிரிக்கும்.

அப்புறம் இன்னொன்று. ஆர்டரே இல்லாத நாளுக்கு 'கிடைக்கவில்லை' என்ற 404 வந்துகொண்டிருந்தது. அதை 200-உடன் காலிப் பட்டியலாக மாற்றினேன். இப்போது 404 வந்தால், அந்த ஆர்டர் எண் உண்மையிலேயே இல்லை.