டேங்கில் ஊற்றும் பாட்டில் எதுவரை போகும்?

பிக்கப் இல்லை, மைலேஜ் இறங்கிவிட்டது என்று வாயைத் திறந்தாலே யாராவது ஒரு இன்ஜின் கிளீனர் பாட்டிலை நீட்டிவிடுகிறார்கள். பெட்ரோலில் கலந்து ஓட்டினால் உள்ளே படிந்த கரி எல்லாம் கரைந்துவிடுமாம். சில இன்ஜின்களில் ஓரளவு கரையும், பொய்யில்லை. ஆனால் அந்த மருந்து, பெட்ரோல் போகிற வழியில் மட்டும்தான் போகும். இதை யோசிக்காமல் ஊற்றுவதுதான் முதல் தவறு.

சாதாரண பெட்ரோல் இன்ஜின்களில் இன்ஜெக்டர் சிலிண்டருக்கு வெளியே, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். ஒவ்வொரு முறை பெட்ரோலைப் பீய்ச்சும்போதும் வால்வு நனைகிறது. அதில் மருந்து கலந்திருந்தால் கரியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவப்படும். ஜிடிஐ, டிஎஸ்ஐ என்ற பெயர்களில் வரும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் கதை வேறு. அங்கே பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது, வால்வின் பின்புறத்தைத் தொடுவதே இல்லை. இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து திரும்பி வரும் ஆயில் ஆவியோ அந்தச் சூடான வால்வின் மேல் படிந்து, காய்ந்து, கெட்டிக் கரியாகிறது. டேங்கில் எத்தனை பாட்டில் கவிழ்த்தாலும் அந்தக் கரிக்குத் தெரியவே தெரியாது. இன்ஜெக்டர் முனையும் பிஸ்டன் தலையும் வேண்டுமானால் சுத்தமாகலாம். வால்வைச் சுத்தம் செய்ய, காற்று வரும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடிக்கிறார்கள். கரியைப் பெயர்க்கும் அளவுக்குக் கடினம், ஆனால் உலோகத்தைக் கீறாது. கொட்டையைத் தின்றுவிட்டு ஓட்டை எறிகிறோம், அதற்கும் ஒரு வேலை இருக்கிறது பாருங்கள்.

அடுத்தது அளவு. 60 லிட்டருக்கு என்று எழுதியிருக்கும் பாட்டிலை, 37 லிட்டர் டேங்க் உள்ள சின்னக் காரில் முழுதாக ஊற்றுகிறோம். அதுவும் பாதி டேங்க் இருக்கும்போது. அதிகமாகப் போனதெல்லாம் அழகாக எரிந்துவிடாது; ஒரு பங்கு பிஸ்டன் ரிங் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். லேபிளில் உள்ள அளவைப் பார்த்து, முதலில் மருந்தை ஊற்றி, அப்புறம் டேங்கை நிரப்புங்கள். ஆயில் மாற்ற வேண்டிய நாள் நெருங்கும்போது ஊற்றுவது இன்னும் புத்திசாலித்தனம்.

கடையில், பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து இன்ஜின் தட்டாமல் இருக்கச் சேர்க்கும் ஆக்டேன் பூஸ்டரையும் கிளீனரையும் ஒரே அலமாரியில் வைத்திருப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. சில பூஸ்டர்களில் மாங்கனீசு அல்லது இரும்புச் சேர்மம் இருக்கும். அது ஸ்பார்க் பிளக்கில் செந்நிறமாகப் படியும். கரியை எடுக்கப் போய் துருவைப் பூசிய மாதிரி. கிளீனர் வாங்கும்போது பாலிஈதர் அமீன் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினுக்குள் இருக்கும் சூட்டைத் தாங்கிக் கரியை எடுக்கக்கூடிய பொருள் அது. மண்ணெண்ணெய், தின்னர், நாப்தலின் உருண்டை போன்ற வைத்தியங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். மண்ணெண்ணெய் பெட்ரோலின் ஆக்டேனைக் குறைத்து, சரியாக எரியாமல், இருக்கும் கரியோடு புதுக் கரியையும் சேர்க்கும்.

நான் ஏமாந்தது வேறு இடத்தில். என் பழைய கார் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் உதறியது. கார்பன்தான் என்று நானே தீர்ப்பு எழுதி இரண்டு பாட்டில் ஊற்றினேன். உதறல் நிற்கவில்லை. கடைசியில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் ஒரு இக்னிஷன் காயில் செத்திருந்தது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். தேய்ந்ததைத் திரும்ப வளர்க்கும் மருந்து எந்தப் பாட்டிலிலும் இல்லை.

இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியில் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பவர்களும் உண்டு. எலக்ட்ரானிக் திராட்டிலின் தகட்டை விரலால் தள்ளித் திறந்தால் உள்ளே உள்ள கியர் போய்விடலாம். ஒரே மூச்சில் நிறைய அடித்தால் திரவம் சிலிண்டருக்குள் தேங்கும். திரவத்தை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையலாம். பல வருடம் ஆயில் மாற்றாமல் ஓடிய இன்ஜினில், உள்ளே உள்ள கசட்டைக் கழுவும் ஃப்ளஷ் திரவத்தை ஊற்றுவதும் அப்படித்தான். கட்டியான கசடு ஒரேயடியாகப் பெயர்ந்து ஆயில் ஸ்ட்ரெய்னர் என்ற சல்லடையை அடைத்தால் ஆயில் பிரஷர் விழும். அந்த மாதிரி இன்ஜினுக்கு நல்ல ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரமாக இரண்டு மூன்று முறை மாற்றுவதே மேல்.

டீசல் காரில் பெட்ரோல் கிளீனரை ஊற்றக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. டேஷ்போர்டில் அதற்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பாட்டிலைத் தேடாதீர்கள். வடிகட்டி சுமார் 600 டிகிரி வரை சூடாகித் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அதற்கு வேண்டியது நிற்காமல் ஓடும் ஒரு ஹைவே. தெருமுனைக் கடைக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் மட்டும் போய் வரும் டீசல் காரில் அந்த விளக்கு மறுபடி மறுபடி எரியத்தான் செய்யும்.