டூரிங் பைக்கின் பின்பக்கத்தை இறக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கால் சரியாக ஊன்றவில்லை என்பதற்காகப் பின் சஸ்பென்ஷனை இறக்கி வண்டியின் உயரத்தைக் குறைக்க நினைக்கிறீர்களா, ஸ்பேனரை எடுப்பதற்கு முன் சீட்டைப் பாருங்கள். கால் எட்டாததற்குப் பல நேரம் சீட்டின் அகலம்தான் காரணம். முன்பக்கம் தொடை படுகிற இடத்தில் நுரையைச் செதுக்கி ஒடுக்கினாலே பாதம் பதிந்துவிடும், சஸ்பென்ஷனில் ஒரு நட்டைக்கூடத் தொட வேண்டாம். பெரும்பாலோர் இதைப் பார்க்காமலேயே நேராக லிங்க் (பின்சக்கரத்தின் அசைவை ஷாக் அப்சார்பருக்குக் கடத்தும் இணைப்புத் துண்டு) வாங்கப் போய்விடுகிறார்கள்.

சரி, அப்படியும் போதவில்லை, இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், எவ்வளவு கிடைக்கும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். பின்சக்கரத்தில் 25 மி.மீ. இறக்கினால் சீட்டும் 25 மி.மீ. இறங்கும் என்று நினைக்காதீர்கள். முன்பக்கம் அப்படியே இருக்கப் பின்பக்கம் மட்டும்தான் தாழ்கிறது, நீங்கள் உட்காருவதோ இரண்டு சக்கரத்துக்கும் இடையில், அதனால் உங்கள் காலுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16, 17 மி.மீ. மட்டுமே. இந்தக் கொஞ்சத்துக்காக என்னென்ன மாறுகிறது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கும் அளவை, தளர்த்தி உயரத்தைக் குறைப்பதுதான் எனக்குத் தெரிந்து மிக மோசமான தவறு. செலவில்லை, ஸ்பேனரைத் திருப்பினால் போதும், அதனால் எல்லோரும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஸ்பிரிங்கின் பலம் அதே பலம்தான்; பைக் தன் ஓட்டத்தில் (சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரத்தில்) பாதியை நின்ற இடத்திலேயே தின்றுவிட்டு, பள்ளம் வரும்போது அமுங்க இடமில்லாமல் டக்கென்று அடிக்கும். தனியாக ஓட்டும்போது தெரியாது. பின்னால் ஒருவர், இரண்டு பக்கமும் நிறைந்த பெட்டிகள் என்று கிளம்பும் அன்றைக்குத் தெரியும். அளந்து பார்ப்பது சுலபம்: பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அச்சிலிருந்து நேர் மேலே வால்பகுதியில் ஒரு புள்ளி வரை அளவெடுங்கள், அப்புறம் வழக்கமான சுமையோடு உட்கார்ந்து அதே அளவை இன்னொருவரை எடுக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் சக்கரத்தின் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும், அதைத் தாண்டிப் போனால் சுமைக்கு ப்ரீலோடோ ஸ்பிரிங்கோ போதவில்லை என்று அர்த்தம்.

லிங்க் மாற்றுவதிலும் இதே சிக்கல் வேறு வழியில் வருகிறது. லிங்க் நீளம் மாறியதும் சக்கரம் ஷாக்கைத் தள்ளுகிற விகிதமும் மாறும், பல பைக்குகளில் பின்பக்கம் முன்பைவிட மென்மையாகிவிடும். கூடவே, முழுதாக அமுங்கும்போது டயர் முன்பைவிட மேலே ஏறும். அங்கே என்ன இருக்கிறது என்று மட்கார்டின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள், பின் விளக்குக்குப் போகிற வயர் கட்டு அங்கேதான் ஓடும், டயர் உரச ஆரம்பித்தால் அது முதலில் அறும். ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்கை மாட்டிச் சக்கரத்தைக் கடைசிவரை தூக்கிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. ஸ்பிரிங்கைக் கழற்றுவது ஆபத்தான வேலை, அதைப் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள்.

பின்னால் மட்டும் இறக்கிவிட்டு முன்பக்கத்தை மறந்துவிடுவது அடுத்தது. சக்கரங்களுக்கு இடையே 1500 மி.மீ. இருக்கிற பைக்கில் பின்னால் 25 மி.மீ. இறக்கினால் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) சாய்வு ஏறக்குறைய 1 டிகிரி கூடும். ஹேண்டில் மந்தமாகும், வளைவில் பைக்கைத் திருப்பக் கூடுதலாகத் தள்ள வேண்டிவரும். ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் கொஞ்சம் மேலே ஏற்றி இதைச் சரிக்கட்டலாம், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு, அதுவும் முழுதாக அமுங்கும்போது முன் மட்கார்டு ரேடியேட்டரிலோ கீழ் கிளாம்பிலோ இடிக்காது என்று உறுதி செய்த பிறகு.

சைடு ஸ்டாண்டை விட்டுவிடாதீர்கள். பைக் இறங்கியதும் பழைய ஸ்டாண்டு நீளமாகிவிடும், வண்டி கிட்டத்தட்ட நேராக நிற்கும், லேசான சரிவில் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். பெட்டியும் சுமையுமாக 400 கிலோவை நெருங்குகிற வண்டியைக் கீழே விழும்போது யாராலும் பிடிக்க முடியாது. ஸ்டாண்டைக் குட்டையாக்கியே ஆக வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதில் ஏற்றுவது முன்பைவிடக் கனமாக இருக்கும்.

வளைவில் சாயும்போது ஃபுட்பெக் சீக்கிரம் தரையைத் தொடும். மடங்குகிற ஃபுட்பெக் பரவாயில்லை, மடங்காத ஸ்டாண்டோ சைலன்சரோ உரசினால் பின்சக்கரம் தரையிலிருந்து தூக்கிவிடக்கூடும். செயின் வண்டி என்றால் முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) பிவட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் இடத்தில்தான் செயின் அதிக இறுக்கமாகும், தளர்வை அங்கே பார்த்து வையுங்கள். ஹெட்லைட்டும் மேலே பார்க்கும், எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் சுமையோடு வைத்துத் திருத்துங்கள்.

வேலை செய்யும்போது ஜாக்கை ஃபிரேமுக்குக் கீழே கொடுங்கள், ஸ்விங் ஆர்மில் முட்டுக் கொடுத்தால் லிங்கைக் கழற்றியதும் வண்டி கீழே அமரும். எல்லாம் மாட்டி டார்க் ரெஞ்சால் இறுக்கிய பிறகு, ஷாக்கின் ஷாஃப்ட் வெளியே தெரிந்தால் அதில் ஒரு கேபிள் டையைச் சுற்றி மேலே தள்ளிவிட்டு, சுமையோடு ஒரு சுற்று போய் வாருங்கள். டை கடைசிவரை தள்ளப்பட்டிருந்தால் ஷாக் முழுதாக அமுங்கி இடிக்கிறது என்று அர்த்தம், ஸ்பிரிங்கை மாற்றாமல் அந்த வண்டியில் தூரப்பயணம் போகாதீர்கள்.